விரிப்பு விழுந்தால் ரோப் கார் நிற்கும்: கேப் டவுனில் ஆறு நாள்

முதல் நாள்
காற்று: தென்கிழக்கு, பலம். ரோப் கார்: ஓடவில்லை.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, ஊரிலிருந்து கிளம்பும்போதே திங்கள் மலை, செவ்வாய் பெங்குவின், புதன் நன்னம்பிக்கை முனை என்று நாள் குறித்துக்கொண்டு வருவது. இங்கே எந்த நாளில் எங்கே போகலாம் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். ஆறு நாள் இருந்தால் ஆறு வேலைகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எது என்றைக்கு என்று எழுதாதீர்கள். காற்று அடங்கிய முதல் காலையை மலைக்குக் கொடுத்துவிடுங்கள். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் திசை. துறைமுகத்தை ஒட்டிய வாட்டர்ஃபிரண்டில் நின்று மலையைப் பார்த்தால் தெற்கே பார்க்கிறீர்கள். இடது கைப்பக்கம் டெவில்ஸ் பீக், 1,000 மீட்டர். நடுவில் மேசைமலை, உச்சி 1,086 மீட்டர், குறுக்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்கு மட்டம். வலது பக்கம் கூம்பாக நிற்பது லயன்ஸ் ஹெட், 669 மீட்டர். அந்தச் சிங்கத் தலையின் பின்னுடலாகக் கடலை நோக்கித் தாழ்ந்து வருவது சிக்னல் ஹில், 350 மீட்டர். இவை நான்கும் வளைத்துக்கொண்ட கிண்ணத்துக்குள்தான் பழைய நகரம் இருக்கிறது. மற்ற பேட்டைகள் எல்லாம் மலைக்கும் கடலுக்கும் இடையில் கிடைத்த சந்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இங்கே முதலில் இருந்த கோய்கோய் மக்கள் வைத்த பெயர் ஹூரிக்வாகோ, அதாவது கடலில் நிற்கும் மலை. அதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் நம்மைக் குழப்பும். இது தென் அரைக்கோளம், நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். அதனால் ஊரைப் பார்த்த வடக்கு முகத்தில் வெயில் காயும். கிழக்கு முகம் மதியத்துக்கு மேல் நிழலாகிவிடும். எந்தப் பாதையில் எத்தனை மணிக்கு ஏறுவது என்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

நமக்குத் தெற்கிலிருந்து வருவது தென்றல். இங்கே தெற்கும் கிழக்கும் கலந்து வருவது நம் ஆடிக்காற்றுக்கு அண்ணன். தென் அட்லாண்டிக் கடல்மேல் கோடையில் நிலைகொள்ளும் உயரழுத்த மண்டலம் இதைத் தள்ளிவிடுகிறது. ஊரின் புழுதியையும் புகையையும் துடைத்துக்கொண்டு போவதால் ஊர்க்காரர்கள் இதற்கு 'கேப் டாக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடல் ஈரத்தோடு வரும் காற்று மலையின் பின்சரிவில் மோதி மேலே ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்கிறது, ஈரம் மேகமாகிறது. மட்டத்தைக் கடந்து ஊர்ப்பக்கம் வழியும்போது இறங்கி மறுபடி சூடாவதால், அந்த மேகம் பாதி வழியிலேயே கரைந்துவிடுகிறது. கீழேயிருந்து பார்த்தால் மேசையில் விரித்த வெள்ளைத் துணியின் ஓரம் தொங்குவது போல இருக்கும். அருவி மாதிரி கொட்டும், ஆனால் தரைக்கு வராது. வான் ஹங்க்ஸ் என்ற பழைய கடற்கொள்ளையனும் சாத்தானும் புகைபிடிக்கும் போட்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்தப் புகைதான் இது என்று ஊர்க்கதை. டெவில்ஸ் பீக்கின் பெயரையும் அந்தக் கதையோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள்.

இந்த மேக விரிப்பு விழுந்தால், மலை உச்சிக்குப் போகும் ரோப் கார் நிற்கும். நிறுத்தக் காரணம் மழையாக இருக்க வேண்டியதே இல்லை, காற்று போதும். கீழே தெருவில் இலை அசையாது. மேல் நிலையத்தில் நிற்க முடியாது. ஆகவே வண்டி ஓடுகிறதா என்று காலையில் எழுந்ததும் ஒருமுறை, அறையை விட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை இணையத்தில் பாருங்கள். சீட்டை ஒரே தேதிக்கு என்று வாங்காமல், சில நாட்கள் செல்லுபடியாகும் சீட்டா என்று பார்த்து வாங்குங்கள். குளிர்காலத்தில், ஜூலை ஆகஸ்ட் வாக்கில், ஆண்டுப் பராமரிப்புக்காக வண்டியைச் சில நாட்கள் முழுக்க நிறுத்துவார்கள். அந்த மாதங்களில் வருகிறவர்கள் தேதி பார்த்துக்கொண்டு வரவும்.

இன்று மாதிரி நாளுக்கு ஏற்ற இடம் கிளிஃப்டன் கடற்கரை. லயன்ஸ் ஹெட்டின் மறைவில் இருப்பதால், ஊரே பறக்கும்போதும் அங்கே மணல் முகத்தில் அடிக்காது. ஆனால் கோடைதானே என்று தண்ணீரில் குதிக்காதீர்கள். இதே காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. எனவே காற்று அதிகமான நாளில்தான் வெயிலும் பளீரென்று இருக்கும், கடலும் கால் மரத்துப்போகும் அளவுக்குக் குளிரும். குளிக்க வேண்டுமென்றால் தீபகற்பத்தின் மறுபக்கம், ஃபால்ஸ் விரிகுடாவில் முய்சன்பெர்க். அங்கே நீர் சில டிகிரி கூட.

கிளிஃப்டனுக்குப் போகும் வழியில் சீ பாயிண்ட் கரையில் பாறைகளை ஒருமுறை குனிந்து பாருங்கள். கறுத்த களிப்பாறைக்குள் வெளிர் கிரானைட் உருகிப் புகுந்து, இரண்டும் வரிவரியாகப் பின்னிக் கிடக்கின்றன. 1836இல் டார்வின் இதைப் பார்த்துக் குறிப்பெழுதிவிட்டுப் போனார். மலையின் அடித்தளமே இந்தக் கலவைதான். அதன்மேல் பிற்காலத்தில் படிந்த மணற்பாறைதான் மேசை.

வந்து இறங்குகிறவர்களுக்கு இரண்டு சில்லறை விஷயம். நம் வீட்டு ஏசிக்குப் போடும் 15 ஆம்பியர் மூன்று உருளை பிளக் இந்த ஊர்ப் பழைய சாக்கெட்டில் அப்படியே பொருந்தும். நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால்.

இரண்டாம் நாள்
காற்று: தென்கிழக்கு, மதியத்துக்கு மேல் தணிவு. ரோப் கார்: ஓடவில்லை.

மேலே போக முடியாத நாளில் சிக்னல் ஹில்லின் மடியில் இருக்கும் போ-காப் பேட்டை. செங்குத்தான கல் பாவிய தெருக்கள், பச்சை மஞ்சள் ஊதா என்று அடித்த வீடுகள். வண்ணத்துக்காகப் படமெடுக்க வருகிறவர்களே அதிகம். அவை குடியிருப்புகள், திண்ணையில் ஏறி நின்று எடுக்காதீர்கள்.

இந்தப் பேட்டையின் வேர் அடிமை வணிகத்தில் இருக்கிறது. 1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இறங்கிய பிறகு, ஜாவாவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் மட்டுமல்ல, வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்தும் மனிதர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். பழவேற்காடும் நாகப்பட்டினமும் அந்நாளில் அந்தக் கம்பெனியின் துறைமுகங்கள். பழைய பதிவேடுகளில் 'கரையைச் சேர்ந்த' என்ற பொருளில் ஒட்டுப்பெயர் போட்ட ஆட்கள் வருகிறார்கள். அந்தக் கரை நம் கரை. 'கேப் மலாய்' என்ற பொதுப்பெயருக்குள் அவர்கள் கரைந்துபோனார்கள். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் குழம்புக்குக் 'கெர்ரி' என்பதும், இங்கே சமோசாவும் ரொட்டியும் வீட்டுச் சாப்பாடாக இருப்பதும் அந்தக் கரைசலின் மிச்சம். நாட்டின் முதல் பள்ளிவாசலான அவ்வல் மசூதி இங்கே 1794இல் எழுந்தது.

பதினொன்றரைக்குப் போ-காப்பின் மேல்விளிம்பிலிருந்து ஏறத் தொடங்கினால், பகல் பீரங்கி இருக்கும் லயன் பேட்டரிக்குப் பன்னிரண்டுக்குள் போய்விடலாம். அரை மணி நேரம் கூடத் தேவைப்படாது, ஆனால் ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் தவிர தினமும் பகல் 12க்கு வெடி. 1806 முதல் நடக்கிறது, சிக்னல் ஹில்லுக்கு 1902இல் மாற்றினார்கள். இப்போது வானியல் ஆய்வகத்தின் கடிகாரத்திலிருந்து வரும் மின்சைகைதான் திரியைக் கொளுத்துகிறது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் தம் கடிகாரத்தைச் சரிசெய்யத்தான் இந்த ஏற்பாடு. அனுபவப்பட்ட மாலுமி சத்தத்தைக் கேட்டு முள்ளைத் திருப்ப மாட்டான், புகையைப் பார்த்துத் திருப்புவான். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 விநாடி எடுத்துக்கொள்ளும் அல்லவா? பீரங்கிப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். காதைப் பொத்திக்கொள்வது போதும். சின்னக் குழந்தைகளைச் சற்றுத் தள்ளியே நிறுத்துங்கள்.

மாலையில் விரிப்பின் ஓரம் மெலிந்து, பாறை விளிம்பு தெரிய ஆரம்பித்தது. நாளைக்கான காற்று முன்னறிவிப்பும் ஒற்றை இலக்கத்தில். பையைக் கட்டலாம்.

மூன்றாம் நாள்
காற்று: இல்லை என்றே சொல்லலாம். ரோப் கார்: ஓடுகிறது.

இப்படி ஒரு காலை கிடைத்தால் ஊரே மேலே கிளம்பும். ரோப் கார் வரிசை எட்டு மணிக்கே நீளும். நல்ல வழி, நடந்து ஏறி வண்டியில் இறங்குவது. கீழிறங்கும் வரிசை காலையில் காலியாகவே இருக்கும், முழங்காலும் தப்பிக்கும்.

பாதை பிளாட்டக்ளிப் பள்ளத்தாக்கு. கீழ் நிலையத்தைக் கடந்து டாஃபெல்பெர்க் சாலையில் கிழக்கே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் போனால் தொடக்கப் பலகை. அங்கிருந்து சுமார் 700 மீட்டர் உயரம், முழுக்கக் கல் படிக்கட்டு, கொண்டை ஊசி வளைவுகள். பழனிப் படி ஏறிய கால்களுக்கு இது புதிதல்ல, ஆனால் படி ஒவ்வொன்றும் ஒரு உயரம், கைப்பிடிச் சுவர் இல்லை, இடையில் மோர்க் கடையும் கிடையாது. நிதானமாக ஏறினால் இரண்டரை மணி நேரம், நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்றரை. 1503இல் போர்த்துகீசிய மாலுமி அன்டோனியோ டி சல்டான்யா ஏறிப் பார்த்ததுதான் பதிவான முதல் ஏற்றம். மலைக்கு மேசை என்று பெயரிட்டதும் அவரே.

ஆறு மணிக்குள் தொடங்குங்கள். வடக்கு முகம், நிழல் குறைவு. ஒன்பதுக்கு மேல் பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்கள் அடுப்புப்பக்கம் போல அனலடிக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம், ஜனவரி பிப்ரவரியில் மூன்று. அடிப்பக்கம் குறுக்கிடும் ஓடையைத் தவிர வழியில் நீர் கிடையாது. தொப்பி, காற்றுத் தடுப்புச் சட்டை இரண்டும் வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு 6 முதல் 10 டிகிரி குறையும். வியர்த்த சட்டையோடு மேலே போய் நின்றால் நடுங்கிப்போவீர்கள்.

எங்கே கோளாறு வரும் என்றால், மூன்று இடத்தில். ஒன்று, 'இறங்கத்தான் வண்டி இருக்கிறதே' என்று தண்ணீரை எல்லாம் ஏறும்போதே குடித்து முடிப்பது. இரண்டு மணி நேரத்தில் காற்று திரும்பி வண்டி நின்றால் அதே படிக்கட்டில்தான் இறங்க வேண்டும். அரை லிட்டரும், இருட்டுவதற்கு முன் மூன்று மணி நேரமும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். இரண்டாவது, ரோப் கார் கம்பிக்குக் கீழேயே போகும் இந்தியா வென்ஸ்டர் பாதை. வரைபடத்தில் கிட்டத்தில் தெரிவதால் ஆசை காட்டும். பாறையில் அடித்த இரும்புப் பிடிகளும் சங்கிலியும் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் அதில் உண்டு. இறங்குவதற்கு அது வேண்டவே வேண்டாம். மேலிருந்து பார்க்கும்போது காலை எங்கே வைப்பது என்று தெரியாது. மூன்றாவது வழிப்பறி. டாஃபெல்பெர்க் சாலையிலும் ஊரை ஒட்டிய கீழ்ச்சரிவுகளிலும் நடப்பதுண்டு. நான்கு பேராகப் போங்கள், கேமராவைக் கழுத்தில் தொங்கவிடாதீர்கள், நிறுத்திய காரில் பை தெரிகிற மாதிரி விடாதீர்கள். அவசரத்துக்குக் கைப்பேசியில் 112.

பள்ளத்தாக்கின் வாய் இரண்டு சுவர்களுக்கு நடுவே குறுகி, திடீரென்று மட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். வலது பக்கம் திரும்பினால் கால் மணி நேரத்தில் மேல் நிலையம், 1,067 மீட்டர். கூட்டமெல்லாம் அங்கே. இடது பக்கம் திரும்பினால் முக்கால் மணி நேர நடையில் மெக்லியர் பீக்கன் என்ற கற்குவியல், அதுதான் மலையின் உச்சி. இடது பக்கம் போங்கள்.

கற்குவியல் பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. அதன் பின்னால் இருக்கிற சங்கதிதான் பெரிது. 1750களின் தொடக்கத்தில் லகாய் என்ற பிரெஞ்சு வானியலாளர் கேப்பில் தங்கிப் பூமியின் வளைவை அளந்தார். கணக்கு இடித்தது. பூமியின் தென்பாதி வடபாதியைவிட நீண்டிருப்பது போல விடை வந்தது. பல பத்தாண்டு யாருக்கும் காரணம் புரியவில்லை. 1820இல் உடம்பு சரியில்லாமல் ஓய்வுக்காக இந்தியாவிலிருந்து இங்கே வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த அளவீட்டு இடங்களைப் போய்ப் பார்த்து, தூக்குக்குண்டை மலைகளே தம் பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்றார். குண்டு நேராகத் தொங்காவிட்டால் செங்குத்தே பிசகும், செங்குத்து பிசகினால் எல்லாமே பிசகும். பின்னர், இந்தக் கற்குவியலுக்குப் பெயர் கொடுத்த வானியலாளர் தாமஸ் மெக்லியர் 1840களில் மறுபடி அளந்து பிழையைத் திருத்தினார். எவரெஸ்ட் அப்போது வேலை பார்த்தது எதில் என்றால், 1802இல் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய அதே நில அளவைத் திட்டத்தில். லகாய் சும்மா போகவில்லை. தென்வானில் ஒரு விண்மீன் கூட்டத்துக்கு மேசைமலையின் பெயரை வைத்துவிட்டுப் போனார். இப்போது அதற்குப் பெயர் மென்சா. பெரிய மெகல்லன் மேகத்தின் ஒரு பகுதி அதன் எல்லைக்குள் வருவதால் வானத்து மேசைக்கும் ஒரு விரிப்பு உண்டு.

மட்டத்தில் நடக்கும்போது விரிப்பு விழுந்தால் நாலடிக்கு அப்பால் தெரியாது. அப்போது செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கப் பார்ப்பது. இந்த மலையில் ஓடைகள் பள்ளத்தாக்கில் நுழைந்து செங்குத்துப் பாறையில் போய் முடியும். கல் அடுக்கிய குறிகளை விட்டு விலகாமல் வந்த வழியே திரும்புங்கள், அல்லது உட்கார்ந்துவிடுங்கள். மேல் நிலையத்தில் சங்கு ஊதினால் வண்டியை நிறுத்தப்போகிறார்கள் என்று பொருள். அப்போது படம் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

மேல் நிலையத்தைச் சுற்றி முயலளவில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருப்பது டாசி. இதன் நெருங்கிய உறவு யானை என்றால் நம்ப முடியாது, ஆனால் உண்மை. தீனி கொடுக்காதீர்கள், கடிக்கும். வெள்ளாடு போல ஏதாவது பாறை விளிம்பில் தெரிந்தால், அது இந்த நாட்டு விலங்கல்ல. 1936இல் அடிவாரத்து மிருகக்காட்சி சாலையிலிருந்து தப்பிய இமயமலைத் தார் இனம் மேலே போய்ப் பெருகியது. நம் நீலகிரி வரையாட்டையும் நெடுங்காலம் அதே பேரினத்தில்தான் சேர்த்து வைத்திருந்தார்கள். மண் அரிப்புக்கும் உள்ளூர்ச் சிறுமானின் அழிவுக்கும் காரணம் என்று பிற்பாடு சுட்டுக் குறைத்தார்கள்.

இறங்க ரோப் கார். 1929 அக்டோபர் 4இல் தொடங்கியது, இப்போதுள்ள வட்டக் கூண்டுகள் 1997இல் வந்தவை. 65 பேர் கொள்ளும், ஐந்து நிமிடத்தில் கீழே. போகிற வழியில் தரை ஒரு முழுச்சுற்று சுற்றும், அதனால் ஜன்னலுக்கு இடித்துக்கொண்டு ஓட வேண்டாம். சுவர் சுற்றாது, தரை மட்டும் சுற்றும். ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டால் கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகும்.

நான்காம் நாள்
காற்று: தென்கிழக்கு, மிதம். ரோப் கார்: ஓடுகிறது.

கெண்டைக்கால் பேசும் நாள். காரில் தீபகற்பத்தைச் சுற்றி வருவது நல்லது. எல்லாரும் காலையில் மேற்குக்கரை வழியாகச் சாப்மன்ஸ் பீக் சாலையில் தெற்கே போவார்கள். அது தலைகீழ் வழி. இங்கேயும் நம்மைப் போல இடப்பக்க ஓட்டம். தெற்கே போனால் மலைச்சுவரை ஒட்டியும், வடக்கே வந்தால் கடல் விளிம்பை ஒட்டியும் வண்டி வரும். வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடங்களும் கடல் பக்கம்தான். ஆகவே காலையில் கிழக்குக் கரையில் முய்சன்பெர்க், சைமன்ஸ் டவுன் வழியாக இறங்கி, மாலையில் நூர்டுஹூக்கிலிருந்து ஹவுட் பே வரை சாப்மன்ஸ் பீக் வழியாகத் திரும்புங்கள். 9 கிலோமீட்டரில் 114 வளைவு. அடியில் கிரானைட், மேலே மணற்பாறை. இரண்டும் சந்திக்கும் கோட்டிலேயே சாலையை வெட்டியிருக்கிறார்கள். 1915இல் தொடங்கி 1922இல் முடித்தது. மேலே இருப்பது உதிரும் பாறை என்பதால் மழை நாளில், கல் விழும் நாளில் மூடிவிடுவார்கள். கட்டணச் சாலை, திறந்திருக்கிறதா என்று கிளம்பும்போதே பார்க்கவும்.

சைமன்ஸ் டவுனில் போல்டர்ஸ் கடற்கரைப் பெங்குவின்களுக்குக் காலை எட்டரைக்கு முன் போனால் பேருந்துக் கூட்டத்துக்குத் தப்பலாம்.

கேப் பாயிண்ட்டில் மேலே இருக்கும் பழைய கலங்கரை விளக்கம் மலையும் மேகமும் சேர்ந்து மனிதனுக்குக் கற்பித்த பாடம். 1860இல் கட்டினார்கள், கடல் மட்டத்துக்கு 238 மீட்டர் மேலே. உயரத்தில் வைத்தால் தூரத்துக்குத் தெரியும் என்ற கணக்கு. ஆனால் விளக்கு அடிக்கடி மேகத்துக்குள் மறைந்தது. மேகமில்லாத நாளிலோ, தேவைக்கு மேல் தூரத்திலிருந்தே தெரிந்ததால் கப்பல்கள் முனையை ஒட்டித் திரும்பின. 1911இல் லுசிடானியா என்ற போர்த்துகீசியக் கப்பல் பாறையில் மோதிய பிறகு, 87 மீட்டர் உயரத்தில் புதிய விளக்கம் கட்டினார்கள். இப்போது எரிவது அதுதான். பழையதுக்கு ஏறிப் போங்கள், புதியதைக் கீழே பாருங்கள்.

அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல் இரண்டும் இங்கேதான் கலக்கின்றன என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆனால் ஆப்பிரிக்காவின் தென்கோடி இதுவல்ல. அது இங்கிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் உள்ள அகுல்யாஸ் முனை. பபூன் குரங்குகளைப் பற்றி மட்டும் சொல்லிவிட வேண்டும். கார்க் கதவைத் திறக்கத் தெரிந்தவை. உள்ளே ஆள் இருந்தாலும் பூட்டி வையுங்கள், வெளியே நின்று சாப்பிடாதீர்கள், கையிலிருப்பதைப் பிடுங்கினால் விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் நாள்
காற்று: மேற்கு, லேசாக. ரோப் கார்: ஓடுகிறது.

மலையின் முதுகுப் பக்கம். ஊர்ப்பக்கத்து வறண்ட பாறையைப் பார்த்தவர்களுக்கு இது வேறு மலை. கர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்காவில் தொடங்குகிறது. 1913இல் அமைத்த பூங்கா; இந்நாட்டுச் செடிகளை மட்டுமே வளர்ப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தார்கள். உள்ளே 1660இல் டச்சுக்காரர்கள் தங்கள் எல்லைக்கு நட்ட காட்டுவாதுமை வேலியின் ஒரு துண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. மரக்கிளைகளுக்கு மேலே பாம்பு போல நெளியும் 130 மீட்டர் நடைபாலமும் உண்டு. அது இறங்கி வந்த பிறகு.

ஏற்றம் ஸ்கெலட்டன் கார்ஜ் வழியாக. முன்னாள் பிரதமர் ஜான் ஸ்மட்ஸ் முதுமையிலும் ஏறிய பாதை, அவர் பெயரால்தான் பலகை இருக்கும். முதல் முக்கால் மணி நேரம் காட்டு நிழலில் மரப்படிகள். பிறகு மர ஏணிகள். அதற்கு மேல் ஓடையின் படுகையே பாதை, உருண்டைப் பாறைகளில் கையும் காலுமாக ஏற வேண்டும். இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். மழை பெய்து இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏணியும் பாறையும் வழுக்கும். இதே வழியில் இறங்காதீர்கள். இறங்க நர்சரி ரவைன். படி அதிகம், ஆனால் ஓடைக்குள் நடக்க வேண்டியதில்லை. அடி தேய்ந்த ஓட்டப் பயிற்சிக் காலணி இந்தப் பக்கம் உதவாது.

இந்த ஓடைகளில் மட்டும், உலகில் வேறெங்கும் இல்லாமல், ஒரு தவளை வாழ்கிறது. பேய்த் தவளை என்று பெயர். நீரோட்டத்தில் பாறையைப் பிடித்துக்கொள்ளத் தட்டையான விரல் நுனிகள். தண்ணீரில் கல்லைப் புரட்டிப் போடாமல் நடந்தால் அதற்கு நாம் செய்யும் உபகாரம்.

மேலே ஏறியதும் வெள்ளை மணல், அதை ஒட்டி டீ நிறத்தில் ஏரி. அழுக்கு இல்லை, ஃபின்போஸ் எனப்படும் இந்த ஊர்ப் புதர்களின் இலைச்சாறு இறங்கிய நிறம். அது ஹெலி-ஹட்சின்சன் அணை, 1904. கொஞ்சம் தள்ளி வுட்ஹெட் அணை, 1897. சாலையே இல்லாத உச்சியில் கல்லணை கட்ட, கேம்ப்ஸ் பே பக்கத்திலிருந்து காஸ்டீல்ஸ்போர்ட் வழியாகக் கம்பிவடத் தொட்டிகளில் சாமான் ஏற்றினார்கள். அந்தச் சாமானை உச்சி மட்டத்தில் அணை வரை இழுக்கப் பயன்பட்ட சிறிய நீராவி எஞ்சின் இன்றும் அணைக்கரை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இந்த ஊர் இங்கே உருவானதே மலைத் தண்ணீரால்தான். கிழக்கே போகும் கப்பல்களுக்குக் குடிநீர் நிரப்பும் இடமாகத்தான் 1652இல் டச்சுக்காரர்கள் இறங்கினார்கள். பிளாட்டக்ளிப் ஓடைதான் பீப்பாய்களை நிரப்பியது. ஊர் பெருத்த பிறகு ஓடை போதவில்லை, அணை வந்தது. அதுவும் போதாமல் தூரத்து மலைகளுக்குப் போனார்கள். 2018 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு விதிக்கும் அளவுக்கு அந்தத் தூரத்து அணைகளும் வற்றின. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இறங்கும்போது சரிவில் கருகிய தண்டுகள் தெரிந்தால் காடு செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஃபின்போஸ் எரிந்தால்தான் புதுப்பிக்கும். அதில் வளரும் புரோட்டியா என்ற பூச்செடி வகைகள் பலவற்றின் விதைக்கூம்பு தீப்பட்டுத்தான் திறக்கும். சில விதைகள் புகை பட்டால்தான் முளைக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒரு தீ என்பது அதன் இயல்பு. அடிக்கடி எரிந்தால் செடி விதை பிடிக்கும் முன்பே போய்விடும். வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட பைன் மரங்கள் சேர்ந்தால் தீ மிதமிஞ்சிச் சூடாகும். 2021 ஏப்ரல் 18இல் டெவில்ஸ் பீக் சரிவில் பற்றிய தீ, அடிவாரத்தில் இருக்கும் கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்குள் இறங்கி ஜேகர் நூலக வாசிப்பறையை எரித்தது. நெருப்பு எச்சரிக்கை நாளில் பாதைகளை மூடினால் முணுமுணுக்காமல் திரும்பிவிட வேண்டும். காற்று நாளில் சரிவில் தீ நம்மைவிட வேகமாக ஏறும்.

ஆறாம் நாள்
காற்று: விடியலில் இல்லை, பத்து மணிக்குத் தென்கிழக்கு தொடங்கும்.

விமானம் மாலையில் என்றால் விடியலில் லயன்ஸ் ஹெட் ஏறி இறங்கிவிடலாம். சூரியன் ஐந்தரைக்கு. நாலேகாலுக்கு, க்ளூஃப் நெக் சந்திப்பிலிருந்து பிரியும் சிக்னல் ஹில் சாலையில் பாதை தொடங்கும் இடத்தில் இருக்க வேண்டும். தலையில் கட்டும் டார்ச் அவசியம், கைப்பேசி வெளிச்சம் போதாது, கைகள் இரண்டும் வேண்டியிருக்கும். பாதை திருகாணி மரைபோல மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுவதால் ஊர், துறைமுகம், அட்லாண்டிக், கேம்ப்ஸ் பே, மேசையின் பக்கச்சுவர் என்று ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போகும். கிரானைட் முடிந்து மணற்பாறைத் தொப்பி தொடங்கும் இடத்தில் சங்கிலியும் இரும்புப் பிடியும் உள்ள குறுக்கு வழி பிரிகிறது. சுற்றுவழிக்குத் தனிப் பலகை உண்டு, பத்து நிமிடம் கூட ஆகும், அவ்வளவுதான். பௌர்ணமி இரவில் ஊரே இங்கே ஏறும். சங்கிலியடியில் நின்று காத்திருக்கவே அரை மணி போகும் என்பதால் அதற்கு மறுநாள் வருவது புத்திசாலித்தனம்.

உச்சியில் நிற்கும்போது தெற்கே, மேசையின் பின்விளிம்பில், பஞ்சு பிய்த்துப் போட்டது போல ஒரு வெள்ளைத் துணுக்கு தெரிந்தால் இறங்கத் தொடங்குங்கள். இரண்டு மணி நேரத்தில் விரிப்பு முழுதாக விழும்.

விமானத்தில் எந்தப் பக்கம் ஜன்னல் என்பதற்கும் இதே காற்றுதான் பதில். ஓடுபாதை வடக்கு தெற்காகக் கிடக்கிறது, மலை அதற்கு மேற்கே. தென்கிழக்குக் காற்றென்றால் தெற்கு நோக்கிக் கிளம்பும், மலை வலப்பக்கம். வடமேற்குக் காற்றென்றால் வடக்கு நோக்கிக் கிளம்பும், மலை இடப்பக்கம். இன்று மேலே விரிப்பு விழுந்திருக்கிறது. வலப்பக்கம் கேளுங்கள்.